ஜன்னல் உறை

இடது ஓரத்திலிருந்து இருபத்தைந்து மில்லிமீட்டர், மேல் ஓரத்திலிருந்து ஐம்பத்தேழு. இருபத்திரண்டு வருடங்களாக, தண்ணீர் பம்புகள் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து யாருக்குக் கடிதம் போனாலும், தாளில் முகவரி அந்த இடத்தில்தான் தொடங்கியது. பதவி உயர்வு, எச்சரிக்கை, விடுப்பு மறுப்பு என்று உள்ளே எது இருந்தாலும் சரி, உறையில் பொருத்திய கண்ணாடித்தாள் ஜன்னலுக்குள் முகவரி மட்டும் நேராக உட்கார்ந்திருக்கும். உறைமேல் யாரும் தனியாக முகவரி எழுத வேண்டியதில்லை.

அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடித்தவருக்கு அலுவலகத்தில் ஸ்கேல் என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு எஃகு அளவுகோல் இருக்கும். தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்தேழு, இப்போது நாற்பத்தொன்பது. தட்டச்சு இயந்திரங்களை மூட்டை கட்டிய வருடம், மற்றவர்கள் எல்லாம் மவுஸைப் பிடித்து இழுக்கிற மென்பொருளுக்குப் போனார்கள். அலமாரியில் யாரும் பிரிக்காமல் கிடந்த நானூறு பக்கக் கையேடு ஒன்றை இவர் எடுத்துக்கொண்டு போனார். அது பக்கம் கோர்க்கும் ஒரு கட்டளை மொழி. இன்ன எழுத்து, இன்ன அளவு, இன்ன இடம் என்று வெறும் எழுத்தில் கட்டளைகளைத் தட்டி ஓட்டினால் பக்கம் தானாக அமைந்து வரும். ஒரு மாதிரியை எழுதிப் பட்டியலோடு இணைத்துவிட்டால் ஆயிரம் கடிதம் கால் மணி நேரத்தில் தயார்.

அந்த மொழியில் சாதாரண எழுத்தெல்லாம் வரிசையில் நிற்கும் கூட்டம் மாதிரி. நடுவில் ஒருவர் நுழைந்தால் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஓரடி தள்ளி நிற்பார்கள். ஒருவர் விலகினால் எல்லோரும் முன்னே வருவார்கள். முகவரி மாதிரி இடம் குறித்து வைத்த பகுதி அப்படியல்ல. அது வரிசையிலேயே சேராது. ‘இருபத்தைந்துக்கு ஐம்பத்தேழு, அங்கே நில்’ என்றால் நிற்கும். கூட்டம் வந்ததா போனதா என்று அது பார்க்காது. அது நிற்பது கூட்டத்துக்கும் தெரியாது, அதன் மேலேயே ஏறிப் போகும். வரி நீண்டால், பக்கம் வழிந்தால் கணினி எச்சரிக்கும். இதற்கு எச்சரிக்கையும் கிடையாது. சுற்றி எவ்வளவு காலியிடம் வேண்டும் என்பதை மனிதன்தான் பார்த்து ஒதுக்க வேண்டும். அதற்காக ஸ்கேல் ஒரு விதி வைத்திருந்தார்: கடிதத்தின் வாசகம் மேலிருந்து நூற்றைந்து மில்லிமீட்டருக்கு முன்னால் தொடங்கக் கூடாது. தாளை மூன்றாக மடிக்கும்போது முதல் மடிப்பு தொண்ணூற்றொன்பதில் விழும். வாசகம் அதற்குக் கீழே போய்விட்டால் எப்படி ஆட்டினாலும் ஜன்னலில் தெரியாது.

ஆட்டிப் பார்ப்பதும் அவர் விதிதான். மடித்த தாளைவிட உறை பதினொரு மில்லிமீட்டர் உயரம் கூடுதல். உள்ளே தாள் நகரும். அதனால் புது மாதிரி ஒவ்வொன்றையும் உறையில் போட்டு மேஜையில் நாலு தட்டு தட்டுவார். வலம், இடம், நேராக, தலைகீழாக. நாலு தட்டிலும் முகவரி ஜன்னலை விட்டு வெளியேறாமலும், வேறு எதுவும் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காமலும் இருந்தால்தான் அச்சுக்குப் போகும்.

ஒரு புதன்கிழமை காலை, பணியாளர் பிரிவு மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். சிரித்த முகத்துக்காரி. சிரிப்பு மாறாமலே மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பியதை ஸ்கேலே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

“உக்காருங்க ஸ்கேல். கதவச் சாத்திட்டு உக்காருங்க.”

மேஜையில் ஒரு பென்டிரைவ் இருந்தது.

“இருநூத்துப் பதினாலு பேரு. செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு நான் கேன்டீன்ல எல்லாரையும் கூட்டி வச்சுப் பேசுவேன். அன்னைக்கே லெட்டர் வீட்டுக்குப் போய்ச் சேந்திருக்கணும், வக்கீல் அப்படித்தான் கேக்கிறார். உறை மேல ‘பெறுபவர் மட்டும் பிரிக்கவும்’னு போட்டாச்சு. அதுவரைக்கும் ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது.”

“சரி மேடம்.”

“தெரிஞ்சுதுன்னா, இருநூத்துப் பதினஞ்சாவது லெட்டர நீங்களே உங்களுக்கு அடிச்சுக்க வேண்டியதுதான். உங்க கையால அடிச்சா அட்ரஸாவது நேரா உக்காரும்.”

அவர் சிரித்தார். ஸ்கேலும் சிரித்தார். அந்த அறையில் கூடச் சிரிக்காமல் வெளியே வந்தவர்கள் குறைவு. பிறகு ரகசியம் காப்பதாக ஒரு தாளில் அவரிடம் மேலாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“வாசகம் எப்ப வரும் மேடம்?”

“வெள்ளிக்கிழமைதான். இப்பவே குடுத்தா எங்கயாவது ஒழுகும். அதுவரைக்கும் வெறும் அட்ரஸ வச்சு டெஸ்ட் பண்ணிக்கோங்க.”

“வெறும் தாள்லயா?”

“உள்ள எழுத்து இருந்தாலும் இல்லாட்டியும் அட்ரஸ் நின்ன இடத்துலதான் நிக்கும்னு எத்தன தடவ எனக்குப் பாடம் எடுத்திருக்கீங்க?”

அது உண்மை. ஸ்கேல் பென்டிரைவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இந்த வேலைக்கென்று அவருக்கு ஒதுக்கிய சிறு அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால் பட்டியலைத் திறந்தார். பட்டியலைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. முகவரிகளை வரி எண்ணிக்கைப்படி அடுக்கி, மிக நீளமான ஒன்றை மட்டும் எடுத்துச் சோதிப்பார். அது ஜன்னலுக்குள் அடங்கினால் மற்றதெல்லாம் அடங்கும். ஓட்டினார். ஆறு வரி முகவரி ஒன்றே ஒன்று வந்தது. பழைய எண், புதிய எண், பின்பக்க வழி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில். அது அவருடைய வீடு. தபால் அடிக்கடி பக்கத்துத் தெருவுக்குப் போகிறது என்று இத்தனை வரிகளையும் அலுவலகப் பதிவேட்டில் எழுத வைத்தவரே அவர்தான்.

மேலாளர் சொன்ன இருநூற்றுப் பதினைந்தாவது கடிதம் நினைவுக்கு வந்தது. பிறகுதான் கண் முதல் வரிக்கு ஏறியது. அதில் இருந்தது தம்பியின் பெயர். வரிசை எண் எண்பத்தெட்டு, பேக்கிங் பிரிவு. வீட்டில் மேல்மாடி.

“அப்பாடா” என்றார் ஸ்கேல். வாய்விட்டே சொன்னார்.

தான் சொன்னது என்ன என்று அவர் காதில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தம்பியின் முகவரியை வெற்றுத் தாளில் அச்சிட்டு, மடித்து, உறையில் போட்டு நாலு தட்டு தட்டினார். ஆறு வரியும் ஜன்னலுக்குள் அழகாக நின்றன. வெள்ளைத்தாளில் எட்டிப் பார்க்க வேறு எதுவும் இல்லை. குறிப்பேட்டில் ‘சரி’ என்று எழுதினார்.

தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவனைப் பேக்கிங்கில் சேர்த்துவிட்டதே ஸ்கேல்தான். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம், நடுவில் ஒரு படிக்கட்டு. ஸ்கேலுக்குக் கால் முறிந்து கிடந்த ஏழு வாரமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். எடை தூக்குவதில் அவனுக்கு இணை இல்லை. முடிவெடுப்பதில்தான் மகா மந்தம். சட்டை வாங்கினாலும் அண்ணனைக் கேட்டுத்தான் வாங்குவான்.

வியாழக்கிழமை காலை படிக்கட்டடியில் ஸ்கூட்டரின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, ஒரு நிமிஷம். நம்ம குண்டன் கூப்பிட்டான்.”

குண்டன் முன்பு பேக்கிங்கில் இருந்தவன். இரண்டு வருடம் முன்பு விலகிப்போய் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெரிய ஆளாகிவிட்டான்.

“அங்க பேக்கிங்குக்கு மேற்பார்வை ஆள் வேணுமாம். நாளைக்கு ஆறு மணிக்குள்ள சொல்லணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களாம்.”

“சம்பளம்?”

“இங்கயவிடக் கொஞ்சம் கம்மி. தூரமும் ஜாஸ்தி. பத்தொம்பது வருஷ சர்வீஸ விட்டுட்டுப் போகணுமான்னு இருக்கு. நீ என்ன சொல்ற? மேல ஏதாவது உன் காதுல விழுந்துச்சா?”

ஸ்கேல் அளவுகோலை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார்.

“என் காதுல என்னடா விழும்? நான் அட்ரஸ் ஒட்டுறவன்.”

தம்பி வாய் கொள்ளாமல் சிரித்தான். மேல்மாடியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். “மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க குதின்னு சொன்னா இவர் கிணத்துலயும் குதிப்பார்.”

“ஸ்கூட்டர முதல்ல ஸ்டார்ட் பண்ணச் சொல்லும்மா” என்று சொல்லிவிட்டு ஸ்கேல் நடையைக் கட்டினார்.

பஸ் நிறுத்தம் வரை ஒரே யோசனை. தம்பிக்குக் கையும் காலும் கெட்டியாக இருக்கின்றன, எங்கே போனாலும் பெட்டி கட்டிப் பிழைப்பான். தனக்குத் தெரிந்ததோ ஒரு மொழி. அந்த மொழியில் கடிதம் போடும் கம்பெனி இந்த ஊரில் இது ஒன்றுதான். விலகிப்போனால் நாளைக்கே யாரும் கூப்பிட்டு இருபத்தைந்துக்கு ஐம்பத்தேழு என்றால் என்ன என்று கேட்கப் போவதில்லை. ஜாடையாக ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் தம்பி மனைவியிடம் சொல்வான், அவள் படிக்கட்டில் சொல்வாள், சாயங்காலத்துக்குள் பேக்கிங் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்ததில், பஸ் ஏறும்போது மனசு ஒருவழியாக நிம்மதிக்கு வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நாலே காலுக்கு வாசகம் வந்தது. மாதிரியில் போட்டு ஓட்டினார். சரியாக ஒரு பக்கம். நாலே முக்காலுக்கு வக்கீல் இன்னொரு பத்தியைச் சேர்க்கச் சொன்னார்: சீருடையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுப்பது பற்றி நாலு வரி. அந்த நாலு வரியும் கடிதத்தின் வாலை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளின. மேலாளர் நேரில் வந்துவிட்டார்.

“ரெண்டு பக்கம் கூடாது ஸ்கேல். மடிக்கிற மெஷின் ஒரு தாளுக்குத்தான் செட் பண்ணியிருக்கு. நாளைக்குக் காலைல ஓடணும்.”

“எழுத்தச் சின்னதாக்கட்டுமா?”

“கீழ கையெழுத்துத் துண்டு இருக்கு, அத எல்லாரும் படிக்கணும். மேல எவ்வளவு காலியா கிடக்கு பாருங்க. அப்படியே தூக்குங்க.”

ஸ்கேல் சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் காலி இடம் சும்மா கிடக்கவில்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு. சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது.

“அண்ணே, குண்டன் இன்னொரு லைன்ல நிக்கிறான். என்ன சொல்லட்டும்?”

“வேலையா இருக்கேன்டா.”

“ஒரே வார்த்தை. போகட்டுமா, இருக்கட்டுமா?”

மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் நகராமல் நின்றார். ஸ்கேல் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நூற்றைந்தை அழித்து எண்பத்தேழு என்று தட்டினார். திரையில் வாசகம் முழுவதும் பதினெட்டு மில்லிமீட்டர் மேலே ஏறி முதல் பக்கத்துக்குள் அடங்கியது. முகவரி ஒரு மயிரிழைகூட நகரவில்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

“உன் இஷ்டம்” என்றார்.

“என் இஷ்டமா? போகணும்னா நீ ‘போ’ன்னுதானே சொல்லுவ?”

ஸ்கேல் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார்.

“சரி, அப்ப இருந்துடறேன். வை.”

போனை மேஜையில் வைத்தார்.

“தம்பியா?” என்றார் மேலாளர்.

“ஆமா மேடம்.”

“எண்பத்தெட்டு. தெரியும். அதனாலதான் பக்கத்துலயே நின்னேன்.” அவர் தோளில் லேசாகத் தட்டினார். “ஒழுங்காப் பேசினீங்க.”

மேலாளர் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். நாலு தட்டு தட்டிப் பார்க்க ஸ்கேலிடம் அச்சடித்த தாளும் இல்லை, அந்த மனநிலையும் இல்லை. புதன்கிழமைக் குறிப்பில்தான் ‘சரி’ என்று எழுதியிருந்ததே.

சனிக்கிழமை மெஷின் மடித்தது, ஒட்டியது. தபால் நிலையத்தில் உறைகளைக் கட்டுக் கட்டாகப் பெட்டியில் அடுக்கினார்கள், பாதிக் கட்டுகளைத் தலைகீழாக. உள்ளே தாள் நகர்ந்து உறையின் உச்சியில் போய் முட்டியது. முகவரிக்குக் கீழே, ஜன்னலின் அடிவிளிம்பை ஒட்டி ஒரு வரி மேலே வந்து நின்றது. தடித்த எழுத்து, அடிக்கோடு: பொருள்: பணியிலிருந்து விடுவித்தல்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்குத் தபால்காரர் ஸ்கேலின் மனைவியிடம் உறையைக் கொடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இந்தத் தெருவுல மட்டும் ஏழும்மா. நான் பிரிக்கல. அதுவா தெரியுது.”

அவள் முதலில் பெயரைப் பார்த்தாள், பிறகு வரியைப் பார்த்தாள், பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். தம்பி மனைவியோடு போட்ட பதினைந்து வருடத்துக் குழாயடிச் சண்டை அத்தனையும் அந்த நடையில் இருந்தது. “இந்தா, உன் வீட்டுக்காரருக்கு வேலை போச்சாம். ஜன்னல்லயே போட்டு அனுப்பியிருக்கான்.”

“அக்கா, இதுல எல்லாம் விளையாடாதீங்க.”

“நான் ஏன் விளையாடறேன்? நீயே படி. தெரு பூரா படிச்சாச்சு.”

பதினொன்று இருபதுக்குப் பேக்கிங் கூடத்தில் முதல் போன் அடித்தது. அரைமணி நேரத்தில் கூடம் முழுக்கப் போன் மணிதான் கேட்டது. பம்புப் பெட்டிகள் பெல்ட்டில் போய்க்கொண்டே இருந்தன, மூட ஆள் இல்லாமல் முடிவில் போய்க் குவிந்தன.

“எனக்கு என் பொண்டாட்டி படிச்சுச் சொன்னா. உனக்கு?”

“எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி படிச்சா. என் பொண்டாட்டிக்கே அவதான் சொன்னாளாம்.”

ஆணி அடிக்கும் வயதான தொழிலாளி ஒருவர் முகம் மலரப் போனை மூடினார். “நமக்கு வெறும் அட்ரஸ்தானாம். வேற ஒண்ணும் தெரியலையாம். போனஸ் லெட்டரா இருக்கும்.”

“உறையத் தலைகீழா ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கண்ணே, எங்க வீட்ல அப்படித்தான் தெரிஞ்சுது” என்றான் பக்கத்தில் நின்றவன்.

அவர் மறுபடி அழைத்துத் தட்டச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கும் வந்திருந்தது.

தம்பி சிரிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. குண்டனை அழைத்தான். வெள்ளிக்கிழமை ஆறு மணி அடித்ததுமே வேறு ஆளைப் போட்டாயிற்று என்றான் குண்டன். “நான் அவ்ளோ சொன்னேனேடா” என்றும் சொன்னான். தம்பி கையுறையைக் கழற்றிப் பெல்ட்டில் போட்டுவிட்டு அலுவலக மாடியேறினான். யாரிடம் போவது என்று அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் முகவரியை ஜன்னலுக்குள் உட்கார வைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டதும் அவனேதான்.

ஸ்கேலின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். சுற்றியிருந்தவர்கள் கீபோர்டு தட்டுவதை நிறுத்தினார்கள்.

“என்னைக்குத் தெரியும்?”

“புதன்.”

“நான் படியில நின்னு கேட்டது?”

“வியாழன்.”

“போன்ல கேட்டது?”

ஸ்கேல் மேஜையைப் பார்த்தார். “பக்கத்துல மேடம் நின்னாங்கடா. கையெழுத்து வாங்கியிருந்தாங்க. சொல்லியிருந்தா எனக்கும்...”

“எம் பேரு முதல் வரியில இருந்திருக்குமே. அதப் பாத்ததும் என்ன தோணுச்சு?”

ஸ்கேலின் கை சட்டைப்பையில் இருந்த அளவுகோலுக்குப் போயிற்று. தம்பி நாற்பத்திரண்டு வருடமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன். பதில் கிடைத்துவிட்டது.

“அட்ரஸ் நல்லாத்தான் உக்காந்திருக்காம்” என்றான். “கோணல் இல்லையாம்.”

திரும்பிப் போய்விட்டான். ‘அண்ணே’ என்று ஒருமுறைகூட அவன் சொல்லவில்லை என்பது ஸ்கேலுக்கு மதியம் கை கழுவும்போதுதான் உறைத்தது.

மூன்று மணிக் கூட்டம் நடக்கவில்லை. கேன்டீனில் நாற்காலிகளை உடைத்தார்கள். மேலாளர் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போனார். மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஸ்கேல் நடந்ததை நடந்தபடி எழுதினார்: நூற்றைந்து எண்பத்தேழானது, வெற்றுத் தாளில் சோதித்தது, உறைக்குள் தாள் பதினொரு மில்லிமீட்டர் நகர்வது. தூக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். விட்டால் அந்த உதவியை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை.

“எண்ணத் தட்டினது யாரு?” என்றார் மேலாளர்.

“நான்தான் மேடம்.”

“அப்ப நான் என்ன சொல்ல?” முகத்தில் அதே சிரிப்பு. “இருநூத்துப் பதினாலு வீட்டு மானத்தத் தெருவுல போட்டுட்டீங்க ஸ்கேல். நாங்க எவ்வளவு நாகரிகமா முடிக்கணும்னு நெனச்சோம்.”

ஸ்கேலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மானம் போனது தன்னால்தான், வேலை போனது மட்டும்தான் அவர்களால் என்று அந்த அறையில் உட்கார்ந்து அவரே நம்பினார்.

மூன்றாம் நாள் வீட்டில் மனைவி கேட்டாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ அன்னைக்கே படியேறியிருப்ப.”

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். மாடியிலிருந்து சாமான் நகர்த்தும் சத்தம் கேட்டது. தம்பி மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்களாம். கட்டிலைப் பிரிக்காமல், தம்பி ஒருவனே முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஸ்கேல் கதவைத் திறந்து, ஒரு முனையைப் பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் நீட்டினார். கட்டில் அவர் கைகளை உரசிக்கொண்டு போயிற்று. பின்னால் பாத்திர மூட்டையோடு வந்த தம்பி மனைவி மட்டும் ஒரு நொடி நின்றாள்.

“நீங்க ‘போ’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு இருந்தார் மாமா” என்றாள். அழவில்லை. ஒரு சேதியைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

மாதம் திரும்பியது. வெளி நிறுவனம் ஒன்றிலிருந்து மடிக்கணினியோடு ஒருவர் வந்தார். இனிமேல் கம்பெனிக் கடிதங்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். ஸ்கேல் மாதிரிக் கோப்பை ஒப்படைத்தார். முகவரி ஏன் வரிசையில் சேராது, ஏன் எண்பத்தேழை அழித்து மறுபடி நூற்றைந்து என்று போட வேண்டும், உறையை ஏன் தலைகீழாகவும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆனால் ஒருமுறையும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அடுத்த லிஸ்டுல எத்தன பேரு?” என்று ஸ்கேல் கேட்டார்.

“அறுபத்தொண்ணு சார்.”

“பேக்கிங்கா?”

“இல்ல சார். ஆபீஸ்” என்றார் அவர், மடிக்கணினியை மூடிக்கொண்டே.

அந்த அறுபத்தொரு கடிதங்களும் இருபத்தேழாம் தேதி தபாலில் சேர்ந்தன. அவற்றில் ஒன்றின் முகவரி ஆறு வரி.